உலர்வு வாரியத்தின் முதல் வெற்றி

பள்ளிக்கூடத்தில் கொடுத்த உடல்நலப் படிவத்தில் 'இரவில் படுக்கையை நனைப்பதுண்டா?' என்ற கேள்விக்கு, பட்டாணியின் அம்மா 'சில நாள்' என்று உண்மையை எழுதிவிட்டாள். அதற்கு முந்தைய கேள்வி, காது நன்றாகக் கேட்கிறதா என்பது. அதற்கும் உண்மையைத்தான் எழுதியிருந்தாள். காது விஷயமாக யாரும் கடிதம் போடவில்லை. படுக்கை விஷயமாக, சிறார் படுக்கை உலர்வு வாரியத்திலிருந்து நான்காம் நாளே பதிவுத் தபால் வந்துவிட்டது. 'சம்பந்தப்பட்ட சிறுமியுடனும் சம்பந்தப்பட்ட விரிப்புடனும் நேரில் ஆஜராகவும்.'

பட்டாணிக்கு ஏழு வயது. பிறந்தபோது உருண்டையாக இருந்ததால் வந்த பெயர். இப்போது ஒல்லிக்குச்சியாக ஆகியும் பெயர் மாறவில்லை. அப்பா சரக்குக் கப்பலில் வேலை, பத்து மாதத்துக்கு ஒருமுறை வருவார். அம்மா மூக்குக்கண்ணாடிக் கடையில் பின்னறையில் உட்கார்ந்து, சட்டத்துக்குப் பொருந்தும்படி கண்ணாடிச் சில்லுகளின் ஓரத்தைத் தேய்ப்பவள். அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, விரிப்பைத் துவைத்து, காயவைத்து, நான்காய் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள்.

வாரியத்தின் நடைக்கூடத்தில் நீளமான பெஞ்சுகள் இருந்தன. எல்லாவற்றிலும் ரப்பர் துணி விரித்திருந்தது. பத்துப் பதினைந்து தாய்மார்கள் மடியில் ஆளுக்கொரு பையோடு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாருடைய பையையும் பார்க்கவில்லை. குழந்தைகள் காலை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தன.

விரிப்பு எழுத்தர் அவள் விரிப்பை மேசையில் பிரித்துப் போட்டார். திருப்பிப் போட்டார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"இது என்னம்மா?"

"விரிப்பு சார்."

"அது தெரியுது. வெள்ளையா இருக்கே?"

"துவைச்சுட்டேன் சார்."

எழுத்தர் பேனாவை மூடி வைத்தார். "சோப்புப் போட்டு ஆதாரத்தை அழிச்சுட்டு, அதை இஸ்திரி வேற போட்டுக் கொண்டுவந்திருக்கீங்க. நான் இதுல எதை அளக்கறது?"

"ஈரத்தோட எப்படி சார் கொண்டுவர்றது? பஸ்ல வரணுமே."

"எல்லாரும் பஸ்லதான்மா வர்றாங்க."

அன்றிரவு பட்டாணி நனைக்கவில்லை. மறுநாளும் இல்லை. ஐந்து நாள் தொடர்ந்து படுக்கை காய்ந்தே கிடந்தது. ஆறாம் நாள் வாரியத்திலிருந்து அறிவிப்பு வந்தது: 'ஒத்துழையாமை காரணமாகத் தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது?' பட்டாணி அதை எழுத்துக்கூட்டிப் படித்தாள். முகம் சின்னதாகிவிட்டது.

"நான் வேணும்னு பண்ணலம்மா. இன்னைக்குக் கண்டிப்பாப் போயிடறேன். அந்த சார்கிட்ட சொல்லிடு" என்றாள். படுப்பதற்கு முன்னால் மூன்று தம்ளர் தண்ணீர் குடித்தாள்.

ஏழாம் நாள் காலை படுக்கை நனைந்திருந்தது. அதைத் தொட்டுப் பார்த்து நிம்மதிப் பெருமூச்சு விட்டாள் அம்மா. பிறகு அந்தப் பெருமூச்சு தன் காதிலேயே விழுந்ததும் கையை எடுத்துக்கொண்டாள்.

எழுத்தர் இந்த முறை மரியாதையாக நடந்துகொண்டார். ஈரக் கறையை நாடா வைத்து அளந்தார். நீளம் பத்தொன்பது அங்குலம், அகலம் பதினொன்று. படிவத்தில் தீவு, தீபகற்பம், கண்டம் என்று மூன்று கட்டங்கள் இருந்தன. தலையைச் சாய்த்துப் பார்த்துத் தீபகற்பத்தில் குறி போட்டார்.

"கண்டமா இருந்தா இன்னைக்கே பிள்ளையை எங்க இல்லத்துல தங்கவச்சிருப்போம். உங்களுக்கு யோகம். குடும்ப வரலாறு எழுதிடுங்க."

'இரத்த உறவில் வேறு யாருக்கேனும் இப்பழக்கம் இருந்ததா?' என்று கேட்டிருந்தது. அவள் பேனாவைக் கொஞ்ச நேரம் காகிதத்துக்கு மேலேயே பிடித்திருந்தாள். பிறகு, வீட்டில் முப்பத்தொரு வருஷமாக எல்லோரும் சொல்லிவந்ததை எழுதினாள்: தாய்மாமன். பக்கத்தில் தன் அண்ணனின் பெயர்.

எழுத்தர் அந்தப் பெயரைப் பார்த்தார். நாற்காலியைத் தள்ளிவிட்டு உள்ளே ஓடினார். ஒரு நிமிடத்தில் இயக்குநரே வெளியே வந்துவிட்டார். மெலிந்த மனிதர். கண்கள் செக்கச்செவேலென்று இருந்தன. அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அவரோட தங்கச்சியா நீங்க! முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?"

அவளைக் கூட்டரங்குக்கு அழைத்துப் போனார். மேடைக்குப் பின்சுவரில், ஆள் உயரச் சட்டத்துக்குள் அவள் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். ஒன்பது வயது. தலை ஒட்ட வெட்டியிருந்தது. இரண்டு கையிலும் மடித்த வெள்ளை விரிப்பு. கண் எதையும் பார்க்கவில்லை. கீழே பித்தளைத் தகட்டில் 'வாரியத்தின் முதல் வெற்றி' என்று பொறித்திருந்தது.

"அவர் வந்த அன்னைக்கு இந்த வாரியத்துக்கு ஒரு மேசையும் ஒரு மணியும்தான் சொத்து. நான் அப்ப இளநிலை எழுப்புநர்" என்றார் இயக்குநர். "ராத்திரிக்கு எட்டுத் தடவை மணியடிச்சு எழுப்புவேன். எழுந்து படுக்கையைத் தடவிப் பார்த்து, 'ஒண்ணு, உலர்வு', 'ரெண்டு, உலர்வு'ன்னு உரக்கச் சொல்லணும். நூற்றிருபது ராத்திரி. ஒரு தடவைகூட நனைக்கலை. முதல் ராத்திரியில இருந்தே நனைக்கலைன்னா பாருங்களேன்! அவ்வளவு வேகமா வேலை செஞ்ச முறை வேற எங்கயும் கிடையாது."

"முதல் ராத்திரியே நனைக்கலைன்னா, மிச்ச நாள் எதுக்கு சார் எழுப்பினீங்க?"

"குணமானது உறுதிப்பட வேண்டாமா? முதல் மாசம் அழுதார். ரெண்டாம் மாசம் அழுகை நின்னுடுச்சு. அதைத்தான் நாங்க முன்னேற்றம்னு குறிச்சோம்." அவர் படத்தை அண்ணாந்து பார்த்தார். "மூணாம் மாசம் பேச்சும் நின்னுடுச்சு. அருமையான பையன்."

அங்கேயே உத்தரவும் ஆனது. வரும் ஆண்டுவிழா அன்று பட்டாணியை இல்லத்தில் சேர்த்துக்கொள்வார்கள். தீபகற்பத்துக்கு இது வழக்கமில்லை. வாரிசு என்பதால் சலுகை. முதல் மணியை, சிறப்பு விருந்தினராக வந்து, குழந்தையின் தாய்மாமன் தன் கையால் அடித்துத் தொடங்கிவைப்பார்.

பஸ்ஸில் திரும்பும்போது பட்டாணி கேட்டாள்: "மாமா ஏம்மா அந்தப் போட்டோவுல பயந்துபோய் நிக்கறார்?"

அவள் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இப்படித்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அப்போது அவளுக்கு ஆறு வயது, அண்ணனுக்கு ஒன்பது. இருவருக்கும் ஒரே கட்டில். விடிவதற்குக் கொஞ்சம் முன்னால் ஈரத்தில் அவளுக்கு விழிப்பு வரும். அப்பா கோபக்காரர், 'இன்னொரு தடவை நனைஞ்சா யாருன்னு பார்த்துத் தோலை உரிச்சிடுவேன்' என்று சொல்லியிருந்தார். அவள் சத்தமில்லாமல் பாவாடையை மாற்றிக்கொண்டு, ஈரப் பாவாடையைக் கட்டிலுக்கு அடியில் திணிப்பாள். பிறகு அண்ணனை ஈரத்தின் பக்கம் உருட்டிவிட்டு, அவன் படுத்திருந்த சூடான இடத்தில் போய்ப் படுத்துக்கொள்வாள். காலையில் அண்ணன் எழுந்து தன் கால்சட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவள் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல இருப்பாள். எத்தனை காலை அப்படி என்று அவளுக்கு நினைவில்லை. அவன் உட்கார்ந்திருந்த விதம் மட்டும் அப்படியே நினைவிருந்தது.

அவனை வாரியத்துக்கு அனுப்பிய பிறகு அவள் அம்மாவோடு படுத்தாள். அப்போதும் நனைந்தது. அம்மா துவைத்தாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அவளிடம்கூடச் சொல்லவில்லை. ஒரு வருஷத்தில் அவளுக்குத் தானாக நின்றுபோனது. அதற்குள் அண்ணன் திரும்பி வந்திருந்தான். குணமானவனாக.

ஆண்டுவிழாவுக்கு ஒன்பது நாள் இருந்தபோது, குழந்தைகள் ஆஸ்பத்திரியின் நர்ஸ் ஒருத்தி கண்ணாடியின் காதுக்கம்பி சரியில்லை என்று கடைக்கு வந்தாள். முன்னே ஆள் இல்லாததால் பட்டாணியின் அம்மாவே சரிசெய்து கொடுத்தாள். கொடுக்கும்போது, யாரோ தெரிந்தவர்கள் குழந்தை என்று சொல்லி, படுக்கை நனைப்பதைப் பற்றிக் கேட்டுவிட்டாள்.

"ஏழு வயசுதானே? ஒரு வகுப்புல ரெண்டு மூணு பிள்ளைங்களாவது இருக்கும், யாரும் வெளிய சொல்றதில்ல" என்றாள் நர்ஸ். "தூக்கம் கனமா இருக்கும். நீர்ப்பை நிறைஞ்சது மூளைக்கு எட்டாது. அது பிள்ளையோட தப்பே இல்ல. திட்டக்கூடாது, அடிக்கக்கூடாது. பகல்ல நல்லாத் தண்ணி குடிக்கட்டும், படுக்கப் போறப்பப் பாத்ரூம் போயிட்டு வரட்டும். மலச்சிக்கல் இருக்கான்னு பாருங்க, அதனாலயும் வரும். நல்லா இருந்த பிள்ளைக்குத் திடீர்னு ஆரம்பிச்சாலோ, எரிச்சல், அதிகத் தாகம் இருந்தாலோ டாக்டர்கிட்ட காட்டணும். மத்தபடி பெரும்பாலும் வளர வளரப் போயிடும்."

"மணியடிச்சு எட்டுத் தடவை எழுப்பினா?"

"யாரை? பிள்ளையையா? என்னங்க இது, தூங்கவிடாம பண்ணினா பைத்தியம் பிடிச்சிடாதா?" நர்ஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தாள். இப்போது நன்றாகத் தெரிந்தது போலிருக்கிறது. குரலைத் தணித்துக்கொண்டாள். "இது பெரும்பாலும் பெத்தவங்க வழியா வர்றது. உங்களுக்குச் சின்ன வயசுல இருந்துச்சாம்மா?"

"இல்லைங்க" என்றாள். நர்ஸ் கைப்பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போய்விட்டாள். "இருந்துச்சு" என்றாள் அவள் பின்னாலிருந்து. "எனக்குத்தான் இருந்துச்சு."

நர்ஸ் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். "எனக்கும்தான். பத்து வயசு வரைக்கும். அதனால என்ன?"

அதனால என்ன என்று இத்தனை வருஷத்தில் யாரும் அவளைக் கேட்டதில்லை.

மறுநாள் வாரியத்துக்குப் போய், குடும்ப வரலாற்றில் பிழை, திருத்த வேண்டும் என்றாள். எழுத்தர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். பதிவான நோயாளியின் நோயை இன்னொருவருக்கு மாற்றுவதென்றால், சம்பந்தப்பட்ட நோயாளியின் கையெழுத்து வேண்டும். 'மேற்படி நோய் என்னுடையதல்ல என இன்று அறிந்துகொண்டேன்' என்று அச்சடித்த படிவமே இருந்தது. அதன் மேல் தூசி படிந்திருந்தது. ஊதிக் கொடுத்தார்.

அண்ணன் குளிர்பதனக் கிடங்கில் இரவுக் காவலாளி. இருபது வருஷமாக இரவு வேலை. பகலில் வரச் சொல்லி யாரையும் கூப்பிடுவதில்லை. அவள் மத்தியானம் போனபோது அறைக் கதவு சாத்தாமல் இருந்தது. உள்ளே ஓர் அடுப்பு, ஒரு அலமாரி, சாய்மானமில்லாத மர நாற்காலி ஒன்று. கட்டில் இல்லை. பாய் இல்லை. சீருடையோடு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தான். அவள் பார்த்துக்கொண்டே இருக்கும்போது, கண் திறக்காமல் வலது கை தொடையைத் தடவியது.

"நாலு. உலர்வு" என்றான்.

அவள் திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தாள். படி வரைக்கும் போகவும் செய்தாள்.

"யாரு? பாப்பாவா?" என்றான் அண்ணன் விழித்துக்கொண்டு. முப்பத்தேழு வயதிலும் அவளை அப்படித்தான் கூப்பிடுவான். "என்ன, பட்டாணிக்கு உடம்புக்கு ஏதாவதா?"

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். பாவாடையைச் சொன்னாள். உருட்டிவிட்டதைச் சொன்னாள். சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்காமல் அலமாரியின் கைப்பிடியைப் பார்த்துச் சொன்னாள். சொல்லி முடித்தாள். கீழே தெருவில் யாரோ ஒரு லாரியைப் பின்னால் வா, வா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அம்மாவுக்கு?"

அவள் குனிந்து பையிலிருந்து படிவத்தை எடுத்தாள். அவன் புரிந்துகொண்டு தலையாட்டினான்.

"கிடங்குல சீட்டு ஒட்டற பொண்ணு ஒருத்தி இருந்தா" என்றான். "ராத்திரி வேலையை விட்டுடுங்க, கல்யாணம் பண்ணிக்கலாம்னு அவளாவே கேட்டா. முடியாதுன்னேன். ஏன்னு கேட்டா. அதைப் போய் ஒரு பொண்ணுகிட்ட எப்படிச் சொல்றது? அவளும் ஒரு வருஷம் பார்த்தா."

"அண்ணா…"

"படிவத்தைக் குடு."

கையெழுத்துப் போடும்போது பேனா காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போனது. அவன் அதைத் திருப்பிக் கொடுக்கும்போது அவளைப் பார்க்கவில்லை. "பிள்ளையை அங்க விடாத. இப்பப் போ பாப்பா. கொஞ்ச நாள் வராத."

ஆண்டுவிழாவுக்கு அவன் வருவான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. வேலை முடிந்து சீருடையோடு நேராக வந்து, அவளிடமிருந்து நான்கு இருக்கை தள்ளி உட்கார்ந்தான். மேடையில் மாலை போட்ட படத்தில் ஒன்பது வயசுப் பையன் நின்றான். கீழே நாற்பது வயசு ஆள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வாரியத்தின் சட்ட ஆலோசகர், அவள் கொடுத்திருந்த திருத்தப் படிவத்தை ஒலிபெருக்கியில் வாசித்தார். இயக்குநர் எழுந்து வந்து ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"இந்தச் செய்தி என்னை நெகிழ வைக்குது" என்றார். "இவருக்கு நோயே இல்லைங்கறாங்க. இருக்கட்டும். நோய் உள்ளவங்களை யார் வேணும்னாலும் குணப்படுத்தலாம். நோயே இல்லாத ஒருத்தரை நூற்றிருபதே நாள்ல குணப்படுத்தின முறைன்னா, அதோட சக்தியை நீங்க யோசிச்சுப் பார்க்கணும்!"

கைத்தட்டல் எழுந்தது. அவர் கையமர்த்தினார்.

"உண்மையைச் சொல்றேன். ரெண்டாவது வாரமே எனக்குச் சந்தேகம் வந்தது. இந்தப் பையன் நனைக்கறவன் இல்லையோன்னு. அறிக்கை எழுதக்கூட உட்கார்ந்தேன். அந்த வாரம்தான் என்னை முதுநிலை எழுப்புநரா உயர்த்தினாங்க. பதவியோட பொறுப்பும் வருது இல்லையா? அறிக்கையை எழுதலை." இதற்கும் கைத்தட்டினார்கள்.

அண்ணன் எழுந்தான். அவன் கத்தப்போகிறான் என்று அவள் நினைத்தாள். அவன் சாதாரணமாகத்தான் கேட்டான்.

"சார், நீங்க ராத்திரி தூங்குவீங்களா?"

இயக்குநர் அந்தக் கேள்விக்குத் தயாராக வரவில்லை. சிவந்த கண்களைச் சிமிட்டினார். "எட்டுத் தடவை முழிப்பு வரும்" என்றார். ஒலிபெருக்கியில் அது பெரிதாகக் கேட்டது. "யாரோ நிக்கற மாதிரி இருக்கும். எழுந்து தடவிப் பார்த்துட்டுப் படுப்பேன். பழகிப்போச்சு."

இந்த முறை யாரும் கைத்தட்டவில்லை. முன்வரிசையில் ஒரு குழந்தை அழத் தொடங்கியது. அதன் அம்மா அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். பின்னாலேயே இன்னொருத்தியும் போனாள்.

சட்ட ஆலோசகர் அவசரமாகத் தீர்மானத்தை வாசித்தார். சிறுமியின் நோய் தாய்வழி வந்தது என நிரூபணமாகிவிட்டது. தாய் இதுவரை பதிவு செய்யப்படாத, சிகிச்சை பெறாத நோயாளி. தாய் குணமான பிறகே மகளை எடுத்துக்கொள்ள விதி அனுமதிக்கிறது. தாயை இல்லத்தில் சேர்க்க வயது வரம்பு பன்னிரண்டு. ஆகவே தாய் குணமாகும்வரை, அல்லது பன்னிரண்டு வயதுக்குள் வரும்வரை, மகளின் கோப்பு நிறுத்தி வைக்கப்படுகிறது. சுவரில் உள்ள படத்தைக் கழற்றக் கோரித் தாய் படிவத்தோடு கொடுத்த மனு, கழற்றினால் சுவரில் அந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரியும் என்பதால், நிராகரிக்கப்படுகிறது.

வெளியே வந்து பார்த்தபோது அண்ணன் போய்விட்டிருந்தான்.

வாரியத்திலிருந்து அதன்பிறகு மாதம் ஒரு கடிதம் வந்தது. 'தாங்கள் குணமாகிவிட்டீர்களா?' அவள் 'இன்னும் இல்லை' என்று பதில் போட்டாள். பட்டாணி சில நாள் நனைத்தாள், சில நாள் நனைக்கவில்லை. நனைத்த நாளில் இரண்டு பேருமாக விரிப்பை உருவிப்போட்டு வேறு விரித்தார்கள். 'எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு' என்று அம்மா சொன்னதிலிருந்து பட்டாணிக்கு அது பெரிய விஷயமாக இல்லை. எத்தனை வயசில் நின்றது என்று கேட்டாள். ஏழு என்றதும், 'அப்ப எனக்கும் இந்த வருஷம்தான்' என்று சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள். அண்ணனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அவளும் போகவில்லை. கண்ணாடி தேய்க்கும் சக்கரத்தின் சத்தத்தில் சிலசமயம், 'நாலு, உலர்வு' என்று கேட்டது. சக்கரத்தை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பாள்.

மூன்று மாதம் கழித்துக் கடைக்குத் தொலைபேசி வந்தது.

"பாப்பா, ஒரு கட்டில் வாங்கலாம்னு இருக்கேன். என்ன அளவு வாங்கறதுன்னு தெரியல. வர்றியா?"

பெரிய கடை. வரிசை வரிசையாகக் கட்டில்கள் கிடந்தன. விற்பனையாள் சிறுசு, பெரிசு என்று காட்டிக்கொண்டே போனான். அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். எதையும் தொடவில்லை.

"படுத்துப் பாருங்க சார். எல்லாரும் படுத்துப் பார்த்துத்தான் வாங்குவாங்க."

அண்ணன் அவளைப் பார்த்தான். பிறகு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, தண்ணீரில் இறங்குகிறவன் போல மெதுவாக ஒரு கட்டிலில் ஏறி மல்லாந்து படுத்தான். கைகள் இரண்டும் விறைத்துக்கொண்டு பக்கத்தில் கிடந்தன. அவள் பக்கத்தில் நின்றாள். விற்பனையாள் வேறு ஆளைக் கவனிக்கப் போனான்.

"என்மேல கோபமாண்ணா?" என்றாள்.

"ஆமா" என்றான். "இருக்கு. அது போகாதுன்னு நினைக்கறேன்." மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே இருந்தான். "ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். நீ என்னை உருட்டி விட்டப்ப, நான் முழிச்சுக்கவே இல்லையா?"

"இல்ல."

"ஒரு தடவைகூட?"

"இல்லண்ணா. நீ அசந்து தூங்குவ. கையைப் பிடிச்சு இழுப்பேன், காலைத் தூக்கிப் போடுவேன். ஒருநாள் கட்டில்ல இருந்து கீழேயே விழுந்துட்ட. அப்பவும் முழிக்கல. தரையிலயே புரண்டு படுத்துத் தூங்கின."

அண்ணன் தலையை அவள் பக்கம் திருப்பினான்.

"நானா?" என்றான். "அப்படியா தூங்குவேன் நான்?"